பர்மா ரேசர்

பாப்பிரெட்டிப்பட்டியில் அத்தை வீட்டுப் பரணில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. மூடி துருப்பிடித்து இறுகிவிட்டதால் ஸ்பூன் காம்பால் நெம்பித்தான் திறக்க வேண்டும். உள்ளே ஒரு ரேசர், சீப்பு மாதிரிப் பல் வைத்த ஒரு சின்னத் தகடு, பதினாலு பிளேடு உறைகள், நாலாக மடித்த கடை பில் ஒன்று. ரேசரின் கைப்பிடி நுனியில் இருக்கும் குமிழைத் திருகினால் தலை ரெண்டு கதவாகப் பிளந்து திறக்கும். சின்ன வயதில் லீவுக்குப் போகும்போதெல்லாம் அதைத் திருகித் திருகி மூடுவதுதான் எனக்கு விளையாட்டு. பிளேடை எடுத்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார்கள்.

"பர்மா சண்டையில இருந்து எங்க பெரியப்பா கொண்டாந்தது கண்ணு. கீழ போட்டுறாத" என்பார் அத்தை. அத்தையின் பெரியப்பா என்றால் என் தாத்தாவின் அண்ணன். நான் பார்த்ததில்லை. இரண்டாம் உலகப் போரில் பயனியர் கோரில் சேர்ந்து, பர்மாப் பக்கம் ரோடு போட்டு, 1946-ல் ஊர் திரும்பியவர். பட்டாளத்தில் வெள்ளைக்காரத் துரை கொடுத்த ரேசர் அது, எங்கள் தெருவிலேயே முதல் ரேசர், அதனால் அதற்குப் பேரே பர்மா ரேசர். இதுதான் கதை.

போன வருஷம் தெருப் பையன்கள் படிப்பகத்தில் ஒரு கண்ணாடி அலமாரி செய்தார்கள். பழைய போட்டோக்கள், ஒரு பறை, யாரோ ஒரு பாட்டியின் பாம்படம், கூடவே இந்த ரேசர். அத்தை மகன் போன் பண்ணினான். "நீதான எழுதறவன். கீழ ஒட்டறதுக்கு நாலு வரி எழுதிக் குடு. 1946-னு பெருசாப் போடு."

நாலு வரிதானே என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததில் வந்த வினைதான் இந்தக் கட்டுரை.

பழைய ரேசருக்கு வயது பார்ப்பது ஒரு தனிக் கலை. உலகம் முழுக்க இதற்கென்று பைத்தியங்கள் உண்டு. அவர்களுடைய முதல் விதி, கையில் கிடைத்ததும் விளக்காதே. நான் போய்ச் சேர்ந்தபோது அத்தை ஒரு கையில் புளி, ஒரு கையில் ரேசர் என்று கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். பாய்ந்து பிடுங்கினேன். பழைய ரேசர்கள் பெரும்பாலும் பித்தளை, மேலே மெல்லிசாக நிக்கல் முலாம். புளி போட்டுத் தேய்த்தால் முலாமும் போகும், அதில் கீறியிருக்கும் எழுத்தும் போகும். எழுத்து போனால் வயது போச்சு. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் துடைத்தால் போதும். எழுத்து தெரியவில்லை என்றால் மேலே கொஞ்சம் சாக்பீஸ் தூள் தடவி, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்க வேண்டும். கல்வெட்டுப் படிக்கிறவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். பிறகு ஒரு காந்தம். ஒட்டவில்லை என்றால் பித்தளை, ஒட்டினால் இரும்பு. இது ஒட்டவில்லை.

இனி கொஞ்சம் அமெரிக்கா போய் வரலாம்.

கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர் ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்கும் சேல்ஸ்மேன். ஒரு வேடிக்கை, இவர் 1894-ல் ஒரு புத்தகம் எழுதினார். போட்டி வியாபாரம்தான் உலகத்தின் நோய், அதை ஒழித்துவிட்டு எல்லாரும் நயாகரா பக்கத்தில் ஒரே பெரிய நகரத்தில் வாழலாம் என்று அதில் திட்டம் போட்டார். மறு வருஷமே, முனை மழுங்கினால் தீட்டாமல் தூக்கிப் போடுகிற மெல்லிய பிளேடு என்கிற யோசனை வந்தது. அவ்வளவு மெல்லிய எஃகுத் தகட்டுக்குக் கூர் ஏற்ற முடியாது என்று உலோகம் தெரிந்தவர்களே கைவிரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் செய்து காட்டினார். கம்பெனி 1901-ல் தொடங்கியது. விற்பனை 1903-ல். அந்த முதல் வருஷம் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. காப்புரிமை 1904 நவம்பர் 15-ல் கிடைத்தது, எண் 775134. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்கு மட்டும் சுமார் 35 லட்சம் ரேசர் போனது. போர்தான் ஆம்பளைகளுக்குத் தானே சவரம் செய்துகொள்ளக் கற்றுக்கொடுத்தது என்று சொன்னால் பெரிய தப்பில்லை. போட்டி வியாபாரத்தை ஒழிக்க நினைத்த மனுஷனின் மீசை வைத்த முகம் பிளேடு உறையில் அச்சாகி, படிக்கத் தெரியாதவன்கூட முகத்தைக் காட்டி பிளேடு கேட்கிற அளவுக்கு உலகம் சுற்றியது.

வயது பார்ப்பதற்கு இதில் நமக்கு வேண்டியது மூன்று விஷயம்.

முதலில் ஓட்டை. ஆரம்ப கால பிளேடில் மூன்று வட்ட ஓட்டைகள்தான். ரேசர் தலையின் மேல்மூடியில் இருக்கும் மூன்று முளைகள் அதில் புகும். அடித்தகட்டிலும் அதே மூன்று ஓட்டை. 1921-ல் காப்புரிமைக் காலம் முடிந்ததும் ஆளாளுக்கு நகல் எடுத்தார்கள். கெய்ஸ்மன் என்ற போட்டிக்காரர் நடுவில் வேறு மாதிரி வெட்டிய பிளேடு கொண்டுவந்தார். ஜில்லெட்டும் 1930-ல் நடுவே நீளப் பிளவு விட்ட பிளேடுக்கு மாறியது. இரண்டு கம்பெனியும் அதே வருஷம் ஒன்றாகிவிட்டன என்பது வேறு கதை. இன்றைக்கு நம் தெருக் கடையில் வாங்கும் பிளேடின் நடுவில் இருக்கும் அந்தக் கோணல்மாணல் பிளவு, எல்லாக் கட்சி ரேசரிலும் பொருந்துவதற்காக வந்த சமரசம்.

இரண்டாவது, எழுத்துச் சாவி. அமெரிக்காவில் செய்த ஜில்லெட் ரேசர்களில் 1950-களின் தொடக்கத்திலிருந்து தலைக்கு அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எழுத்து வருஷம், எண் எந்தக் காலாண்டு என்பது. 1951-க்கு டபிள்யூ, 52-க்கு எக்ஸ், 53-க்கு ஒய், 54-க்கு இசட். 1955-ல் மறுபடி ஏ-யிலிருந்து ஆரம்பம். ஏ-3 என்றிருந்தால் 1955 ஜூலை-செப்டம்பர். அவ்வளவு சுலபம். ஆனால் இங்கிலாந்தில் செய்ததற்கு அந்தக் காலத்தில் இந்தச் சாவி பெரும்பாலும் பொருந்தாது. நம் ஊர்ப் பக்கம் கிடைப்பதோ முக்கால்வாசி இங்கிலாந்துச் சரக்குதான்.

அதனால் மூன்றாவது, காப்புரிமை எண். எங்கள் ரேசரில் சாக்பீஸ் தடவியதும் முதலில் தெரிந்தது 'மேட் இன் இங்லாண்ட்'. அடுத்து 'பிரிட். பேட். நெ. 694093'.

எனக்கு அங்கேயே வயிற்றைக் கலக்கியது. பிரிட்டிஷ் காப்புரிமை எண்கள் 1916-ல் ஒரு லட்சத்திலிருந்து புதிதாக எண்ணப்பட்டவை. 1940-ல் 5 லட்சத்துச் சொச்சம். 1950-ல் 6 லட்சத்து 30 ஆயிரத்துச் சொச்சம். 694093 என்றால் 1953 வாக்கில்தான் வெளியாகியிருக்க முடியும். 'ராக்கெட்' மாதிரியான இங்கிலாந்துக் கதவு ரேசர்களில் இந்த எண் இருப்பது சேகரிப்பாளர்களுக்குத் தெரிந்த விஷயம். இந்த வகை எண், பொருள் எந்த வருஷம் செய்யப்பட்டது என்று சொல்லாது. எந்த வருஷத்துக்கு முன்னால் செய்திருக்கவே முடியாது என்பதைச் சொல்லும். 1953-க்கு முன் பதிப்பிக்கப்படாத எண்ணைச் சுமந்துகொண்டு எந்த ரேசரும் 1946-ல் பர்மாவிலிருந்து பொம்மிடி ரயிலடியில் வந்து இறங்க முடியாது.

அத்தை மகனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப தாத்தா பொய் சொல்லிட்டாருன்றியா?" என்றான்.

அவனுக்கு ஏன் கோபம் வந்தது என்பதைச் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் அந்தப் பதினாலு உறைகளைப் பார்த்துவிடலாம். கோபம் ஆறட்டும். தவிர, எனக்கு ரேசரைவிட உறைகள்தான் பிடித்திருந்தன.

இந்திய பிளேடு உறைக்கு வயது பார்க்க எந்த வெளிநாட்டுப் பட்டியலும் உதவாது. நம் நாட்டுச் சட்டங்களும் பேர் மாற்றங்களும்தான் உதவும். விலை இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். அணா என்றிருந்தால் பொதுவாக 1957 ஏப்ரல் 1-க்கு முன்னால். நயா பைசா என்றிருந்தால் 1957-லிருந்து 1964-க்குள். 1964 ஜூன் 1-ல் 'நயா' போய்விட்டது, வெறும் பைசா. எனக்குக் கிடைத்ததில் ஒன்றில் கடைக்காரர் பென்சிலால் 'ந.பை.' என்று எழுதி ஓர் எண் போட்டிருக்கிறார். எண் அழிந்துவிட்டது. 'ந.பை.' மட்டும் நிற்கிறது. அது போதும், ஏழு வருஷத்துக்குள் அடங்கிவிட்டது.

அடுத்து விலாசம். 'கல்கத்தா-1' என்று ஒற்றை எண் இருந்தால் 1972-க்கு முன்னாலாக இருக்கலாம். '700 001' என்று ஆறு இலக்கம் வந்தால் அது 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்ததற்குப் பிறகு. கல்கத்தா 'கொல்கத்தா' ஆனது 2001, பம்பாய் 'மும்பை' ஆனது 1995, மெட்ராஸ் 'சென்னை' ஆனது 1996. ஆனால் கம்பெனிக்காரர்கள் பழைய அச்சுத் தகட்டைச் சீக்கிரம் மாற்றமாட்டார்கள், அதனால் புதுப் பேர் இருந்தால் நம்பலாம், பழைய பேரை நம்பக்கூடாது. பொட்டலத்தில் மாதமும் வருஷமும் போடச் சொல்லி விதி வந்தது 1977-ல். 'உள்ளூர் வரிகள் தனி' என்று இருந்தால் அதற்குப் பின், 1990-க்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லா வரியும் சேர்த்த எம்.ஆர்.பி. போடவேண்டும் என்று திருத்தம் வந்தது 1990-ல். 890 என்று தொடங்கும் பட்டைக்கோடு இருந்தால் அது நம் காலத்துச் சரக்கு, வைத்துவிடுங்கள். வெளிநாட்டு உறையில் 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் நடுவில். 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல்லைப் பார்த்தால் 1960-களுக்கு முன்னால் தேடவேண்டாம். வில்கின்சன் சோர்டு அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் ஸ்டெயின்லெஸ் பிளேடு விட்டு சந்தையையே கலக்கிய பிறகுதான் எல்லாரும் அந்தப் பக்கம் போனார்கள். அதற்கு முன்னால் இருந்தது கார்பன் எஃகு. ஈரத்தோடு வைத்தால் மறுநாள் காலையில் துரு. துடைத்து, எண்ணெய் தொட்டு, மெழுகுக் காகிதத்தில் மடித்து வைக்கவேண்டும். பெரியவர்கள் பிளேடைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டதற்குக் காரணம் கஞ்சத்தனம் மட்டும் இல்லை.

அத்தை வீட்டு உறைகளில் பாரத், அசோக், பனாமா, டோபாஸ் என்று ஒரு சுதந்திர இந்தியச் சரித்திரமே இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது, 1957-ல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து இன்னும் இறுகியது. வெளிநாட்டு பிளேடு கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த இடத்தை நிரப்பிய இந்திய பிளேடுகளில் பல, மல்ஹோத்ரா என்ற ஒரே பெரிய குடும்பத்தின் தொழிற்சாலைகளிலிருந்து வந்தவை. ஃபாரின் பிளேடு வேண்டுமென்றால் மெட்ராஸ் போய், 1969-ல் பர்மா அகதிகளுக்காக வந்த பர்மா பஜாரில் தேடவேண்டும். இங்கும் பர்மா! ஜில்லெட் இந்தியாவுக்குள் கூட்டுக் கம்பெனியாக வந்தது 1984-ல்தான். ராஜஸ்தானில் பிவாடியில் தொழிற்சாலை, செவன் ஓ'கிளாக் பிளேடு. பதினாலில் கடைசி உறை அது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு ஆம்பளைகள் பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டார்கள்.

சும்மா ஒரு இடைச்செருகல். நாம் தினமும் சொல்லும் 'மொக்கை', 'பிளேடு போடறான்' இரண்டும் ஒரே டப்பாவிலிருந்து வந்தவை. மொக்கை என்றால் மழுங்கிய முனை. மழுங்கிய பிளேடில் சவரம் பண்ணிக்கொண்டவனுக்குத்தான் அந்தச் சொல்லின் முழு வலி தெரியும். 'பிளேடு பக்கிரி' தனி, அவன் கூர்மையானவன். பென்சில் சீவ அரை பிளேடு, தையல் பிரிக்க அரை பிளேடு, பிரசவம் பார்க்கிற மருத்துவச்சியிடம் தொப்புள்கொடி வெட்டப் புது பிளேடு. பிறகு சலூன்காரர்களும் முழுக் கத்தியை விட்டுவிட்டு, பிளேடை இரண்டாக ஒடித்துப் பிடியில் செருகும் பழக்கத்துக்கு வந்தார்கள். 1986-ல் சென்னையில் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டுபிடிக்கப்பட்டு, அடுத்தடுத்த வருஷங்களில் பிரசாரம் பெருகிய பிறகு, ஆளுக்கொரு புது பிளேடு என்பதை வாடிக்கையாளரே கேட்டு வாங்க ஆரம்பித்தார்.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவுக்கு ஊர் நாவிதர் வரமாட்டார். எங்கள் தெரு ஆட்கள் அவர் உட்காரும் புளியமரத்தடிக்குப் போகக்கூடாது. பின்னால் ரோட்டோரம் சலூன் வந்தபோது அதற்கும் போகக்கூடாது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வருஷத்துக்கு இவ்வளவு தானியம் என்று ஊருக்குக் கட்டுப்பட்டு, கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிக்கொண்டிருந்தவர். எங்கள் முகத்தில் கத்தி பட்டது தெரிந்தால் மறுநாள் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. தெருவுக்குள்ளேயே ஒருத்தருக்கொருத்தர் மழித்துக்கொள்வார்கள். கல்யாண மாப்பிள்ளை என்றால் மட்டும் பொம்மிடிக்கோ அரூருக்கோ நடந்துபோய், யாரென்று தெரியாத சலூனில், யாரென்று சொல்லாமல் உட்கார்ந்து வருவான். நாட்டின் பல கிராமங்களில் இதே கதைதான். தீண்டாமை ஒழிந்தது என்று அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு 1950-லேயே சொன்னது. இப்படிச் சேவை மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சட்டம் 1955 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வந்த தேதிக்கு ஊரில் ஒன்றும் நடக்கவில்லை.

இதில் பெரிய தாத்தாவின் கதை எங்கே வருகிறது என்றால், பட்டாளத்தில். இந்திய ராணுவப் பிரிவுகளில் சமையல்காரர், சலவைக்காரர் மாதிரி நாவிதரும் பட்டியலில் உண்டு. தினம் சவரம் பண்ணாமல் வரிசையில் நிற்க முடியாது. பிறந்த ஊரில் நாவிதர் கை படாத முகம், அங்கே அரசாங்க உத்தரவுப்படி தினமும் மழிக்கப்பட்டது. திரும்பி வந்தவர், ஊர் பழையபடி தாடியோடு இருக்கச் சொன்னதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, கண்ணாடியைக் கிளையில் மாட்டி, தெருவில் எல்லாருக்கும் அந்த ரேசரைக் கொடுத்தார். "சட்டத்துக்கு முந்தியே நம்ம தெரு மொகம் மழிச்சுக்கிச்சு" என்பது எங்கள் தெருவில் எல்லாரும் சொல்லும் வாசகம். அத்தை மகன் 1946-ஐப் பெருசாகப் போடச் சொன்னது அதனால்தான். 1953-க்குப் பிந்தைய ரேசர் என்று நான் எழுதினால், சட்டம் கொடுத்ததைத்தான் நாங்கள் வாங்கிக்கொண்டோம் என்றாகிவிடும். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

அத்தையிடமே போய் உட்கார்ந்தேன். அத்தை 1950-ல் பிறந்தவர். "நீங்க பாத்தது என்ன அத்தை? கேட்டதை விடுங்க, கண்ணால பாத்தது?"

ரொம்ப யோசித்துவிட்டுச் சொன்னார். பெரியப்பா வீட்டோடு இருந்ததாகவே அவருடைய முதல் நினைவுகளில் இல்லை. பட்டாளத்திலிருந்து வந்த மறு வருஷமே வேலை தேடித் தங்கவயல் போய்விட்டார். ஜோலார்பேட்டை போய், பங்காரப்பேட்டையில் மாறினால் தங்கவயல். வடஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் போன பாதை அது. பூமிக்கடியில் பாறை தூசி தின்று நுரையீரல் போனாலும், அங்கே மாதச் சம்பளம் உண்டு, செருப்புப் போட்டு நடக்கலாம். மாரிக்குப்பத்தில் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு அவர் இருந்தபோதே கிளை இருந்தது. அவர் எழுத்தைப் புத்தகமாகப் போட்டு வைத்தவர்களும் சாம்பியன் ரீஃப் ஆட்கள்தான். பெரிய தாத்தா சுரங்கத்துக்குள் கொஞ்ச காலம், பிறகு ஒரு துரை பங்களாவில் வேலை. ஜான் டெய்லர் கம்பெனியிடமிருந்து சுரங்கங்களை மைசூர் அரசாங்கம் 1956-ல் எடுத்துக்கொண்டது. துரைகள் கப்பலேறினார்கள்.

"நான் ஸ்கூலு சேந்த வருசம் பெரியப்பா திரும்பி வந்தாரு. டிரங்குப் பெட்டி நெறய சாமான். தொர ஊருக்குப் போறப்ப குடுத்துட்டுப் போனதுன்னு பீங்கான் தட்டு, ஒரு கோட்டு, கதவு தொறக்கற இந்த ரேசரு."

"பர்மான்னு சொன்னீங்களே?"

"பர்மா ரேசருன்னுதான்டா எல்லாரும் சொன்னாங்க!"

1953-க்குப் பிறகு இங்கிலாந்தில் செய்தது, 1956-57 வாக்கில் தங்கவயலில் ஒரு துரை விட்டுப்போனது. காப்புரிமை எண்ணோடு அச்சாகப் பொருந்துகிறது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அத்தை மகன் முகத்தை நினைத்தால் சங்கடமாகவும் இருந்தது. டப்பாவை மூடப் போகும்போதுதான் அந்தச் சீப்புத் தகட்டைக் கையில் எடுத்தேன். இத்தனை வருஷமாக அது ரேசரோடு சேர்ந்த ஏதோ ஒரு பாகம் என்று நினைத்திருந்தேன். அத்தை சின்ன வயதில் அதை வைத்துத் துணிப் பொம்மைக்குத் தலை வாரியிருக்கிறார்.

ஆனால் கதவு ரேசரில் கழற்றுகிற பாகமே கிடையாது. எல்லாம் ஒரே உருப்படி. அப்படியென்றால் இந்தத் தகடு யாருடையது? வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு பக்கமும் பற்கள். நடுவில் ஒரு பெரிய வட்ட ஓட்டை, இரு பக்கமும் இரண்டு சின்ன ஓட்டை. நீளப் பிளவு இல்லை. மூன்று முளை மேல்மூடி வந்து உட்காரும் பழைய வகை ரேசரின் அடித்தகடு அது. காந்தம் ஒட்டவில்லை, பித்தளை. நிக்கல் முழுக்கப் போய் மஞ்சளாகிவிட்டது. ஒரு ஆள் உபயோகித்து அவ்வளவு தேய்க்க முடியுமா என்று தெரியவில்லை.

உடனே குதிக்கவும் முடியாது. வடிவம் 1903-லிருந்து 1930 வரைக்குமான வடிவம், ஆனால் நகல் எடுத்தவர்கள் பிறகும் பல காலம் அதையே செய்துகொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் ராணுவச் சாமான்களில் இருக்கும் அம்புக்குறி இருந்தால் விஷயம் முடிந்தது. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். இல்லை. இருந்து தேய்ந்ததா, இருந்ததே இல்லையா என்று தகடு சொல்லவில்லை.

கடைசியாக அந்தக் கடை பில். மேலே அச்சில் கடை பேர் கிழிந்துபோய் 'பொம்மிடி, சேலம் ஜில்லா' மட்டும் இருக்கிறது. தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2-ல். அதற்கு முன்னால் நாங்கள் எல்லாம் சேலம் ஜில்லா, அரூர் தாலுகா. தேதி போடும் இடத்தில் '19' வரை அச்சு இருக்கிறது, மீதி கிழிசல். விலைக்குக் கோடு போட்டு மூன்று பத்தி, 'ரூ. அ. பை.' ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. இந்த மூன்று பத்தி பில் புத்தகம் 1957-க்கு முந்தையது. தசமக் காசு வந்த பிறகும் மிச்சமிருந்த புத்தகத்தைக் கொஞ்ச நாள் யாராவது ஓட்டியிருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மையில் எழுதியிருப்பது நாலே வரி. சீயக்காய், மண்ணெண்ணெய், சோப்பு. அப்புறம், 'பிளேடு 3 பாக்கெட்'.

மூன்று பாக்கெட் என்றால் பாக்கெட்டுக்குப் பத்து என்று வைத்தாலும் முப்பது பிளேடு. ஒற்றை ஆள் வாரத்துக்கு ஒன்று மாற்றினாலும் அரை வருஷத்துக்கு மேல் வரும். எண்ணெய் தொட்டு வைத்துப் பார்த்துப் பார்த்து உபயோகித்த காலத்தில் இன்னும் கூட. ஒரு வீட்டுக்கு வாங்கின கணக்கு இல்லை இது. பெரியப்பா தங்கவயலில் இருந்த வருஷங்களில், அணாக் கணக்கில், இங்கே யாரோ தெருவுக்கே சேர்த்து பிளேடு வாங்கியிருக்கிறார்கள். பிளேடு இருந்தால் அதை மாட்ட ரேசரும் இருந்திருக்க வேண்டும். அப்போது கதவு ரேசர் துரை வீட்டுக் கண்ணாடி முன்னால் இருந்திருக்கும், அல்லது இங்கிலாந்தை விட்டே கிளம்பியிருக்காது.

ஆக ரெண்டு ரேசர். பட்டாளத்திலிருந்து வந்ததைத் தெருவுக்கு விட்டுவிட்டுத் தங்கவயல் போயிருக்கிறார். திரும்பும்போது பளபளவென்று இன்னொன்று. பழையதின் பேர் புதியதின் மேல் ஏறிக்கொண்டது. இதை நான் நிரூபித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். பில்லில் தேதி இல்லை, தகட்டில் அம்பு இல்லை. ஆனால் இப்போது பந்தயம் கட்டச் சொன்னால் தாத்தா பக்கம்தான் கட்டுவேன்.

படிப்பக அலமாரிக்கு எழுதிக் கொடுத்தேன். நாலு வரி ஒன்பது வரியானது. ரேசருக்குக் கீழே 'இங்கிலாந்து, 1953-க்குப் பின். கோலார் தங்கவயலிலிருந்து வந்தது' என்று இருக்கிறது. தகடு தனியாக, ஒரு வெள்ளைத் துணி மேல். அதற்குக் கீழே 'பர்மா ரேசரின் பாகமாக இருக்கலாம்'. அத்தை மகனுக்கு 'இருக்கலாம்' பிடிக்கவில்லை. "'இருக்கலாம்'-னு எவன்டா போர்டுல எழுதுவான்" என்றான். ஆனாலும் ஒட்டிவிட்டான். பில்லை லேமினேட் செய்ய எடுத்துப் போனவனை ஓடிப்போய்த் தடுக்க வேண்டியிருந்தது.

கிளம்பும்போது அத்தையிடம் கேட்டேன். "அடித்தகடு இருக்குது. மேல்மூடியும் கைப்பிடியும் எங்க போச்சு அத்தை?"

அத்தை கொஞ்ச நேரம் பரணையே பார்த்தார்.

"பித்தளதான அது? எங்க அண்ணனும் நானும் பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருப்போம் கண்ணு."